எண்ணிமப் படங்கள் மூலம் விலங்கு நிறங்களை அளவிடல்

எண்ணிமப் படங்கள் மூலம் விலங்கு நிறங்களை அளவிடல் என்பது, விலங்குகளின் நிறத்தையும் நிறக்கோலத்தையும் ஒளிப்படக்கருவியால் பதிவு செய்து எண்மதிப்புகளாக ஒப்பிடும் ஆய்வு முறையாகும். நிறமாலைமானி ஒருமுறைக்கு ஒரு சிறு புள்ளியையே அளக்கும். ஒளிப்படமோ விலங்கைத் தொடாமலே முழு உடலையும் பதிவு செய்யும். ஆயினும் படத்தில் தெரியும் நிறம் அப்படியே அளவீடு ஆகாது.

அளவுத்திருத்தம்

ஒளிப்படக்கருவியின் உணரி சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று பட்டைகளில் ஒளியைப் பதிவு செய்கிறது. ஜேபெக் கோப்பில் இம்மதிப்புகள் மனிதக் கண்ணுக்கேற்ப மாற்றப்படுவதால், ஆய்வாளர்கள் பதப்படுத்தப்படாத மூலக் கோப்பையே பயன்படுத்துவர். ஒளித்தெறிப்பு அளவு அறியப்பட்ட சாம்பல் நிற அட்டையும் அதே ஒளியில் படமெடுக்கப்படும். எடுத்துக்காட்டாக, 40% ஒளியைத் தெறிக்கும் அட்டையின் மதிப்பு 8000, இறகின் மதிப்பு 6000 எனில், அப்பட்டையில் இறகின் தெறிப்பு 30% ஆகும்.

உப்பளக் கரையில்

விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்புத்துப்பட்டு, மரக்காணம் கடற்கரைப் பகுதியை அடுத்துள்ள கழுவெளி ஏரிக்குப் பூநாரைகள் வருகின்றன. இவற்றின் இளஞ்சிவப்பு, உணவிலுள்ள கரோட்டினாய்டுகளால் உண்டாவது. ஒரே பறவை காலை ஒளியில் சிவந்தும், நண்பகலில் வெளிறியும் பதிவாகலாம். உப்பளத்தின் வெண்மை போன்ற மிகை ஒளியில் மதிப்புகள் உச்சத்தை எட்டினால் நிற வேறுபாடு மறைந்துவிடும். தொலைவிலுள்ள பறவையருகே அட்டையை வைக்க இயலாதபோது, அதே வெயிலில், அதே கருவி அமைப்பில் அட்டை தனியே படமெடுக்கப்படும். இத்திருத்தம் இல்லையெனில், பறவைகள் வெளிறிவிட்டன என்னும் முடிவு உணவுக் குறைவையன்றிப் படமெடுத்த நேரத்தையே காட்டக்கூடும்.

விரைந்து மாறும் நிறங்கள்

தென்னிந்தியப் பாறை ஓணானின் நிறமாற்றம் குறித்த ஆய்வைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அனுராதா பட்டப்யால், மரியா தாக்கர் ஆகியோர் 2017 இல் வெளியிட்டனர். ஆண் ஓணானின் முதுகு, பெண்ணைக் கவரும்போது சிவப்பாகவும், பிற ஆணுடன் போட்டியிடும்போது மஞ்சளாகவும் மாறுகிறது. இத்தகைய விரைவான மாற்றங்களைப் பின்தொடர அடுத்தடுத்து எடுக்கப்படும் படங்கள் ஏற்றவை.

விலங்கின் பார்வை

பகலில் இயங்கும் பறவைகள் பலவற்றுக்கு நான்கு வகை நிறக் கூம்புகள் உள்ளன. புற ஊதா ஒளியையும் அவை உணரும். சாதாரணக் கருவிகள் அவ்வொளியை வடிகட்டிவிடுவதால், அதைப் பதிவு செய்ய மாற்றியமைத்த கருவி தேவை. மார்ட்டின் சுடீவன்சும் உடன் ஆய்வாளர்களும் 2007 இல் இம்முறையின் விதிகளைத் தொகுத்தனர். பதிவான மதிப்புகளை விலங்கின் பார்வைக்கேற்ப மாற்றும் கட்டற்ற மென்பொருளை சோலியன் துரோசியாங்கோவும் அவரும் 2015 இல் வெளியிட்டனர்.