மரம் அறுக்கிற செயினின் கதை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் கோவில்பட்டிக் கடை ஒன்றில் மரம் அறுக்கிற மெஷினுக்குச் செயின் வாங்கினேன். இளையரசனேந்தலில் எங்கள் பங்கு நிலத்தில் வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. அறுக்க வந்தவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மெஷின் அவனுடையது. "செயின் தேஞ்சு போச்சு சார்" என்றான். நானே வாங்கித் தருகிறேன் என்று போனேன். கடையில் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று, கம்பெனிப் பெட்டியில் வருவது. இன்னொன்று, பெரிய சுருளிலிருந்து அளந்து வெட்டி அங்கேயே இணைத்துத் தருவது. விலை பாதிக்கும் குறைவு. "எல்லாம் ஒண்ணுதான் சார், பேருக்குத்தான் காசு" என்றார் கடைக்காரர். நானும் மலிவானதையே வாங்கினேன்.

மூன்றாம் நாள் செயின் அறுந்து பின்னால் சுழன்று வந்து அவனுடைய வலது புறங்கையைக் கிழித்துவிட்டது. ஒன்பது தையல். நல்லவேளையாக நரம்பு தப்பியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: மிச்சம் பிடித்தது நான், மெஷினைப் பிடித்தது அவன்.

அதற்குப் பிறகு இந்தச் செயினைப் பற்றி எங்கெங்கோ தேடிப் படித்தேன். வாத்தியார் புத்தி!

முதல் ஆச்சரியம், இந்தச் சங்கிலி ரம்பம் பிறந்தது காட்டில் இல்லை, பிரசவ அறையில். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு ஸ்காட்லாந்து மருத்துவர்கள் பல் வைத்த மெல்லிய சங்கிலியை எலும்பு அறுக்கப் பயன்படுத்தினார்கள். குழந்தை வெளியே வர முடியாமல் தாய் தவிக்கும்போது இடுப்புக் கூட்டை விரிக்கவும் அது உதவியது. சிசேரியன் உயிருக்கு உத்தரவாதம் இல்லாத காலம் அது. கையால் இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கே மனசு வரவில்லை.

மரத்துக்கு வந்தது ஜெர்மனியில். 1926-இல் ஆந்திரியாஸ் ஷ்டீல் என்பவர் மின்சாரத்தில் ஓடும் செயின் ரம்பத்தைச் செய்தார். அடுத்த வருஷமே எமில் லெர்ப் என்பவர் பெட்ரோல் மெஷினை டோல்மார் என்ற மலையில் ஓட்டிக் காட்டினார். அந்த மலையின் பெயரே அவருடைய கம்பெனிக்கும் ஆனது. எல்லாம் இரண்டு ஆள் தூக்குகிற கனம். ஆனால் மெஷின் வளர்ந்த வேகத்துக்குச் செயின் வளரவில்லை. நம் பக்கம் இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற பெரிய ரம்பம் இருந்ததே, அதன் பற்களை அப்படியே சங்கிலியில் ஏற்றியிருந்தார்கள். பல் மரத்தைச் சுரண்டும், தூள் அடைக்கும், சீக்கிரம் மழுங்கும். ஒவ்வொரு பல்லாக அரம் போட்டுத் தீர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இதை மாற்றியது ஒரு புழு. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்ற மரம் வெட்டி இருந்தார். 1946-இல் ஒரு நாள், வெட்டிய அடிமரத்துக்குள் வண்டின் புழு ஒன்று நல்ல மரத்தைத் தின்றுகொண்டே போவதைப் பார்த்தார். நம் தோப்புகளில் மாமரத்தைத் துளைக்கிற புழுவும் அதே வண்டுக் குடும்பம்தான். அதன் தாடை இரண்டும் 'சி' எழுத்துப்போல வளைந்து, இடதும் வலதுமாக மாறி மாறிக் கடித்தன. மரத்தின் நார் எந்தத் திசையில் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. காக்ஸ் அந்தத் தாடையை இரும்பில் செய்தார். இடப்பக்கம் ஒரு பல், வலப்பக்கம் ஒரு பல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு, எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்த. ஆசாரி இழைப்புளியில் உளியின் நுனியை மயிரிழை நீட்டி வைப்பார் அல்லவா, அதே கணக்கு. 1947-இல் போர்ட்லாந்தில் தன் வீட்டின் கீழ்த்தளத்திலேயே செய்து விற்க ஆரம்பித்தார். இன்று உலகத்தில் ஓடும் செயின்களில் பெரும்பாலானவை அந்தப் புழுவின் வாரிசுகள்.

அப்படியானால் நான் வாங்கிய செயினும் அதே வடிவம்தானே? ஆமாம், அங்கேதான் நான் ஏமாந்தேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நல்ல செயினில் வெட்டும் பல் கலப்பு எஃகு. அதன் மேல் குரோமியம் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். பளபளப்புக்காக அல்ல; கூர்மையைத் தாங்கி நிற்பதே அந்தப் பூச்சுதான். பூச்சு சரியில்லை என்றால் பல் சீக்கிரம் மழுங்கும், மழுங்கினால் ஆள் அழுத்துவான், அழுத்தினால் சூடேறும், சூடேறினால் செயின் நீளும். ரிவிட்டுகள் மேலே கடினமாகவும் உள்ளே நெகிழ்வாகவும் இருக்கும்படி பதப்படுத்தப்பட்டவை. முழுச் செயினையும் தொழிற்சாலையிலேயே இழுத்து நீட்டித்தான் பெட்டியில் போடுகிறார்கள், பிறகு அதிகம் தொய்யாமல் இருக்க. இந்த வேலைகளில் எதை விட்டாலும் விலை குறையும்.

என் செயின் அறுந்தது பல்லில் அல்ல. கடைக்காரர் வெட்டி இணைத்த கண்ணியில். ரிவிட்டின் தலையைச் சுழற்றி அமுக்கி விரிக்க ஒரு கருவி உண்டு. அவர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். என் கண் முன்னால்தான். மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது செயின் வினாடிக்கு சுமார் 20 மீட்டர் போகும், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். நம் டவுன் பஸ்ஸைவிட வேகம்! அறுந்த செயினைப் பிடிக்க அடியில் ஒரு கொக்கி இருக்க வேண்டும். அவன் மெஷினில் அது எப்போதோ உடைந்து, மாற்றாமலே ஓடியிருக்கிறது.

சீனச் சரக்கு என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். காக்ஸ் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கே சீனாவில் தொழிற்சாலை இருக்கிறது. எங்கே செய்தார்கள் என்பதைவிட எதை விட்டுவிட்டுச் செய்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். நம் கரிசல் காட்டு வேலிக்கருவையைப் போல செயினைத் தின்கிற மரம் குறைவு. மரமும் கடினம். தரையிலிருந்தே பல கிளையாகப் பிரிவதால் மண்ணை ஒட்டி அறுக்க வேண்டும். பட்டையில் புழுதி அப்பியிருக்கும். பல் ஒரு தடவை மண்ணைத் தொட்டால் போதும், எவ்வளவு விலை கொடுத்த செயினும் அந்த நிமிஷமே மழுங்கும். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது (வழக்குப் போட்டவர் நம் பக்கத்துக் கலிங்கப்பட்டிக்காரர் வைகோ) கண்மாய்க் கரை எல்லாம் மெஷின் சத்தமாகக் கிடந்தது நினைவிருக்கும். கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு இன்றும் இதுதான் சோறு. மெஷினே ஐயாயிரம் ஆறாயிரத்துக்குக் கிடைக்கிறது என்றால், செயினுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அவனும் அப்படித்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. எண்ணெய் விஷயத்தில் மட்டும் அவனைத் திட்டினேன். வண்டியில் இறக்கிய கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றியிருக்கிறான். அதில் இரும்புத் துகள் இருக்கும், ரிவிட்டையே அரிக்கும்.

பிள்ளைகளில் யாராவது செயின் வாங்கினால் பெட்டியில் அடைத்ததாகப் பாருங்கள். கையில் தொங்கவிட்டு ஒவ்வொரு கண்ணியாக மடக்குங்கள். எல்லாம் ஒரே மாதிரி இளக வேண்டும், எதுவும் முறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. ரிவிட் தலைகளை நகத்தால் தடவுங்கள். ஒன்று மட்டும் சப்பையாகவோ விளிம்பு பிசிறியோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செயினுக்குப் பொருத்தமான அளவில் ஒரு வட்ட அரமும் வாங்குங்கள். அவனுடைய செயினுக்கு 4.8 மில்லிமீட்டர்.

தையல் பிரித்துவிட்டார்கள். கட்டை விரலை மடக்க மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது என்கிறான். புதுச் செயினும், மெஷினுக்கு அந்தக் கொக்கியும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பாதி நிலம் இன்னும் பாக்கி. அறுந்த கண்ணி என் மேசை டிராயரில் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.