டபுள் கிளிக் பண்ணினா ஏன் திறக்கல? எக்ஸி, எல்ஃப், பாஸ் லினக்ஸ்

பெருங்குடியிலிருந்து பேசறேன். பின்னாடி ஓ.எம்.ஆர். ஹாரன் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க.

இன்னிக்குக் கேள்வி சின்னது. விண்டோஸில் ஓடும் ஒரு எக்ஸி ஃபைலை லினக்ஸில் டபுள் கிளிக் செய்தால் ஏன் ஓடுவதில்லை? உலகம் முழுக்க இருக்கிற கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டில் இது லட்சக்கணக்கான மாணவர்கள் கைக்கு அரசு செலவிலேயே வந்து சேர்ந்தது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கொள்முதல் செய்தது எல்காட். அந்த லேப்டாப்பை ஆன் செய்தால் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் காத்திருக்கும்: ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சி-டாக் சென்னை உருவாக்கியது. முதல் பதிப்பு 2007இல் வந்தது. அவங்க ஆபீஸ் இருந்தது தரமணி டைடல் பார்க்கில், இங்கிருந்து ஷேர் ஆட்டோ தூரம்.

எனக்கும் பிளஸ் டூவில் ஒன்று கிடைத்தது. காலேஜ் ஹாஸ்டலில் பாஸை அழித்துவிட்டு அந்த இடத்தைப் படம் வைக்கிற டிரைவாக மாற்றுவது முதல் வாரச் சடங்கு. ஏன்னு கேட்டா ஒரே பதில்தான்: "அதுல எதுவும் ஓடாதுடா."

அந்தப் பதில் பாதிதான் உண்மை. விண்டோஸ் பக்கம் போனாலும் பாஸ் பக்கம் போனாலும் உள்ளே இருப்பது ஒரே பிராசஸர். கூட்டு, ஒப்பிடு, தாவு என்று அதற்குத் தரும் கட்டளைகளும் ஒன்றேதான். அப்போ எங்கே இடிக்குது? இரண்டு இடத்தில்.

முதல் இடம், ஃபைலின் தலைப்பகுதி. எந்த எக்ஸி ஃபைலையும் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தால் முதல் இரண்டு எழுத்து எம், இசட். டாஸ் காலத்து மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல் அது. 1993இல் விண்டோஸ் என்டியோடு புது ஃபார்மேட் வந்தபோதும் அந்த இரண்டு எழுத்தை யாரும் எடுக்கவில்லை. அதுக்கும் மேல, பொதுவாக இன்றைய எக்ஸிக்குள்ளும் ஒரு குட்டி டாஸ் நிரல் உட்கார்ந்திருக்கும். அதன் ஒரே வேலை, "இதை டாஸில் ஓட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது. முப்பது வருஷமா வராத விருந்தாளிக்காக வாசல்ல ஒருத்தர நிக்க வெச்ச மாதிரி!

லினக்ஸ் எதிர்பார்ப்பது வேறு. முதல் பைட் 127, அடுத்த மூன்றும் இ, எல், எஃப். இந்த எல்ஃப் வடிவம் யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் நாலாவது வெளியீட்டோடு வந்தது. அதற்கு முன் லினக்ஸிலும் ஏ.அவுட் என்ற பழைய வடிவம்தான். அதற்கான ஆதரவை பிசிக்கான கர்னலிலிருந்து 2022இல்தான் தூக்கினார்கள்.

இந்த முதல் தடையைத் தாண்டுவது சுலபம். லினக்ஸ் கர்னலில் பின்ஃபிம்ட் மிஸ்க் என்று ஒரு வசதி 1997லிருந்தே உண்டு. "எம் இசட் என்று தொடங்கும் ஃபைல் வந்தால் இந்த நிரலிடம் கொடு" என்று அதில் ஒரே ஒரு வரி பதிந்தால் போதும். கொடுக்க வேண்டிய நிரல், வைன்.

இரண்டாவது தடைதான் நிஜமான சுவர். எந்த நிரலும் தனியாக வாழ்வதில்லை. ஒரு ஜன்னல் திற, இந்த ஃபைலைப் படி, இந்த ஃபான்ட்டைக் கொடு என்று நிமிஷத்துக்கு ஆயிரம் முறை சிஸ்டத்திடம் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸ் நிரல் அதை விண்டோஸின் பாஷையில் கேட்கும். வைன் அந்தக் கேள்விகளை வாங்கி லினக்ஸ் தரும் வசதிகளை வைத்துப் பதில் சொல்கிறது. அதற்காக விண்டோஸின் ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்களைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. விண்டோஸில் ஒரு பக் இருந்து, அதை நம்பி ஒரு நிரல் ஓடினால், அந்த பக்கையும் சேர்த்து எழுதணும். 1993இல் தொடங்கிய வைன் 1.0 என்ற எண்ணைத் தொட்டது 2008 ஜூனில். பதினைந்து வருஷம்! இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இது தமிழில் எங்கே உறைத்தது என்றால், தட்டச்சில். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் இரண்டையும் நம்மில் பலர் விண்டோஸில்தான் பழகினோம். இந்த மாதிரி ஒரு கருவி வைனில் திறந்துகொண்டாலும், பக்கத்தில் இருக்கும் லினக்ஸ் பிரவுசரில் தமிழ் விழாது. காரணம், இவை கீபோர்டில் விழும் ஒவ்வொரு தட்டலையும் நடுவில் நின்று பிடிப்பவை. வைனுக்குள் இருப்பவருக்கு வைன் ஜன்னல்களின் தட்டல்தான் கேட்கும். வெளியே நடப்பது கேட்காது. வேடிக்கை என்னவென்றால் பாஸில் தமிழ் விசைப்பலகை ஏற்கெனவே உள்ளேயே இருந்தது. அதை ஆன் செய்யச் சொல்லித்தர எங்க பக்கம் ஆள் இல்லை.

இன்னொரு கூத்து டர்போ சி++. நம்ம ஊர் கல்லூரி லேப்களில் வருஷக்கணக்கில் கோலோச்சிய நீலத் திரை. அது டாஸ் நிரல். 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் நிரல் ஓடாது. அதனால் டாஸ்பாக்ஸ் போட்டோம். அது ஒரு முழு பழைய பிசியையே மென்பொருளாக நடித்துக் காட்டும். அதே டாஸ்பாக்ஸ் லினக்ஸிலும் உண்டு. அதாவது எங்க சிலபஸுக்கு விண்டோஸும் அந்நிய மண்தான், லினக்ஸும் அந்நிய மண்தான். ஆனாலும் "எதுவும் ஓடாது" என்ற பெயர் ஒருத்தருக்கு மட்டும்.

என் கருத்து இது: பாஸ் தோற்றது தொழில்நுட்பத்தில் இல்லை. அப்போதைய பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் பாடமாக இருந்தது ஸ்டார் ஆஃபீஸ். லினக்ஸில் நேரடியாக ஓடக்கூடியது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தால் கோச்சிங் சென்டரில் டேலி, இன்டர்வியூவில் எக்செல், இரண்டுமே விண்டோஸ் பாஷை. பிறகு ஜிஎஸ்டி வந்தபோது அரசே கொடுத்த ஆஃப்லைன் டூலும் விண்டோஸுக்குத்தான். ஒரு கையால் லினக்ஸைக் கொடுத்து, இன்னொரு கையால் எக்ஸியைக் கேட்டால் பதினேழு வயசுப் பிள்ளை எதை அழிக்கும்?

அப்புறம் இந்தக் கதையில் பணம் நுழைந்தது. 2018இல் கேம் கம்பெனியான வால்வ், வைனை எடுத்து புரோட்டான் என்று மெருகேற்றியது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் ஒரு லினக்ஸ் கருவி. அதில் ஓடுவதில் பெரும்பகுதி விண்டோஸ் கேம்கள். பிளே பட்டனை அழுத்தினால் போதும், ஓடும்.

வீட்டில் பழைய அரசு லேப்டாப் தூசி படிந்து கிடந்தால், ஆன் ஆகும்போது வரும் அந்த மெனுவில் பாஸ் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கமென்ட்டில் ஒரு போட்டோ போடுங்க. அடுத்த எபிசோடில் ஷேர்டு லைப்ரரி: ஒரே ஃபைலை எப்படி நூறு நிரல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன, சண்டை எங்கே வருகிறது என்று பேசுவோம்.