எலும்பைக் காட்டிய கணக்கு

சிராங்கூன் சாலையில் வழுக்கி விழுந்து மூட்டு நொறுங்கியவரை டான் டோக் செங் மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறோம். சாதாரண எக்ஸ்ரே படத்தில் ஓர் எலும்பின் நிழல் மற்றொன்றின் முறிவை மறைப்பதுண்டு. சி.டி. கருவியோ பல கோணங்களில் கதிர் செலுத்தி, கணக்கிட்டு, குறுக்குவெட்டுத் தோற்றத்தைத் தருகிறது.

1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. அவ்வாண்டே நம் ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் அந்தக் கணக்கைச் சுருக்கும் வழியை வெளியிட்டனர். நிழல்களை அப்படியே அடுக்கினால் படம் மங்கும். அடுக்குமுன் ஒவ்வொன்றையும் கூர்மையாக்க வேண்டும் என்பதே அது. இதே இராமச்சந்திரன்தான் 1954இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதம் மூவிழைச் சுருள் என்று கூறியவர்!

1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போயிற்று. நமக்கு மனக்குறைதான். ஆயினும் பொறியாளர்கள் அந்தக் கணக்கை இன்றும் 'ராம்-லாக்' என்றே அழைக்கிறார்கள்.