நன்னூல் விலக்கிய மாணாக்கரும் இன்றைய ஆசிரியப் பயிற்சியும்

முன்னுரை

மாணவரின் சமூகத்திறன், உணர்வுத்திறன், கற்றல்திறன் ஆகியவற்றைப் பேணுமாறு ஆசிரியரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்னும் கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது. இது மேலைநாட்டு உளவியலின் கொடை என்றே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. ஆயின், ஆசிரியரின் மனநிலைக்கே இலக்கணம் வகுத்த மரபு தமிழில் உண்டு. கி.பி. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் அதற்குச் சான்றாகும். அப்பாயிரம் இன்றைய பயிற்சிக்குத் தருவதையும் தராது விடுவதையும் வரலாற்று நோக்கில் ஆய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடஞ்சொல்லல்

நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை நன்னூல் உவமையாக்குகிறது. பாடஞ்சொல்லும் முறையைக் கூறுமிடத்து, காலமும் இடமும் அறிதல், சொல்லவேண்டிய பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்ளுதல், விரையாமை, வெகுளாமை, முகமலர்ச்சி, மாணவனின் கொள்திறம் அறிதல் ஆகியவற்றை வரையறுக்கிறது. இவற்றுள் வெகுளாமையும் முகமலர்ச்சியும் பாடப்பொருள் சார்ந்தன அல்ல. ஆசிரியன் தன் உணர்வை ஆளுதலைக் குறிப்பன. அவற்றையும் கற்பித்தலின் உறுப்பாகவே பவணந்தியார் கொண்டார் என்பது தெளிவு.

உடன்பயில்வோரின் பங்கு

ஆசிரியனிடம் கேட்பதால் புலமையில் கால்பங்கும், உடன்பயில்வோருடன் பழகுவதால் கால்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது நன்னூலின் கணக்கு. கற்றலை ஒரு சமூகச் செயலாகக் காணும் பார்வை இது.

மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் வழக்கம் திண்ணைப்பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முறையாக நிலவியது. 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பயில்வதைக் கண்டார். அம்முறையைத் தம் ஆசிரியர்கள் ஏற்கத் தயங்கவே, மூத்த மாணவரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின்வழி இது ‘சென்னை முறை’ எனப் பரவியது. சிக்கனமாகப் பலர்க்குக் கற்பிக்கும் அமைப்பாகவே அது அங்கு வரவேற்கப்பெற்றது. வெகுளாமை, கொள்திறம் அறிதல் என்னும் கூறுகள் உடன்செல்லவில்லை. இங்குள்ள திண்ணைப்பள்ளிகளிலும் அவை முழுமையாக நின்றன எனல் இயலாது. கோதண்டம் முதலிய கடுந்தண்டனைகள் அங்கு வழங்கின.

விலக்கப்பட்டோர்

நன்னூலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. களி, மடி, மானி, காமி, கள்வன், பிணியன், ஏழை, பிணக்கன், சினத்தன், துயில்வோன், மந்தன், தொன்னூலுக்கு அஞ்சித் தடுமாறுவோன், தறுகணன், பாவி, படிறன் எனப் பதினைவரைப் பாடஞ்சொல்லத் தகாதோர் என அது விலக்குகிறது. இங்கு ‘ஏழை’ என்பது வறியவனை அன்று, பேதையைக் குறிக்கும். விரும்பி வந்த சிலர்க்கு ஆசிரியன் உயர்புலமை வழங்கிய காலத்து நெறி இது என்பதை மறத்தலாகாது. அந்நெறியை அனைவர்க்குமான பள்ளியில் பொருத்தினால் பெருங்கேடு விளையும்.

6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. இதனால் பவணந்தியார் வாயிலிலேயே நிறுத்திய பிணியனும் சினத்தனும் மந்தனும் அஞ்சித் தடுமாறுவோனும் வகுப்பறைக்குள் உரிமையோடு அமர்கின்றனர். துயில்வோன் ஏன் துயில்கிறான், சினத்தன் எதனால் சினக்கிறான் என ஆராய்வது ஆசிரியரின் கடமையாகிறது. 2019இல் நடுவணரசு தொடங்கிய ‘நிஷ்டா’ ஆசிரியப் பயிற்சியில் மாணவரின் தனிநிலை, சமூகப் பண்புகளை வளர்த்தல் ஒரு பகுதியாக இடம்பெற்றது இம்மாற்றத்தின் விளைவே எனலாம்.

கொள்திறம் அறிதல் என்பதும் இன்று விரிந்த பொருள் பெறுகிறது. 1990இல் டெக்னோபார்க் தொடங்கப்பெற்றபின் பல மாநிலத்தவர் வந்து வாழும் கழக்கூட்டம் போன்ற இடங்களில், பயிற்றுமொழியும் வீட்டுமொழியும் வேறுபடும் மாணவரை ஆசிரியர் எதிர்கொள்ள நேர்கிறது. அத்தகைய மாணவனின் மௌனத்தை மந்தம் எனப் பிழையாகக் கொள்ளாதிருக்கவும் பயிற்சி வேண்டும்.

முடிவுரை

ஆசிரியரின் மனநிலையைக் குறித்து நன்னூல் வகுத்த நெறி இன்றும் கொள்ளத்தக்கது. மாணவரை விலக்கும் நெறி கொள்ளத்தக்கதன்று. தமிழாசிரியர் பயிற்சியில் பாடஞ்சொல்லல் நூற்பாவையும் விலக்கப்பட்டோர் நூற்பாவையும் அடுத்தடுத்து வைத்துப் பயிற்றுவித்தல் வேண்டும். முன்னதன் வெகுளாமையும் முகமலர்ச்சியும் பின்னதில் கூறப்பட்டோர்க்கே மிகுதியும் தேவைப்படுவன என்பதை அப்போது பயிற்சி மாணவர் உணர்வர். பாயிரத்தைத் தேர்வுக்குரிய மனப்பாடப் பகுதியாக மட்டும் நடத்தும் வழக்கம் மாறவும் அது வழிசெய்யும்.