சீதனத்துக்கு ஈடாகத் தூரிகை: பொலோஞா நகரத்துப் பெண் ஓவியர்களும் குடும்பப் பட்டறையும்

1577ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோஞா நகரில் ஒரு திருமண ஒப்பந்தம் எழுதப்பட்டது. மணமகள் லவீனியா ஃபொன்தானாவுக்கு அப்போது வயது 24. மணமகன் அருகிலுள்ள இமோலா ஊரைச் சேர்ந்த ஜான் பவுலோ சாப்பி. அக்காலத்து இத்தாலியில் பெண் வீட்டார் ரொக்கமாகச் சீதனம் தராமல் நல்ல இடத்துச் சம்பந்தம் நடப்பது அரிது. லவீனியாவின் தந்தை ப்ரோஸ்பெரோ ஃபொன்தானா பெயர்பெற்ற ஓவியர். ஆனால் அவர் ரொக்கம் எதுவும் தரவில்லை. மகள் இனித் தீட்டப்போகும் ஓவியங்களின் வருமானமே சீதனத்தின் இடத்தில் வைக்கப்பட்டது. மணமக்கள் பெண் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பதும் ஏற்பாடு. சாப்பி வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார்.

மறுமலர்ச்சிக் காலப் பெண் கலைஞர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மேதைமையிலிருந்து தொடங்குகிறார்கள்: தடைகளை மீறிப் பிறந்த அபூர்வப் பெண்கள் என்று. கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின் 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தப் பார்வையின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கியது. மேதைமையைத் தேடுவதை விட்டுவிட்டுக் கலைக்கல்வி யாருக்கு, எந்த நிறுவனங்கள் வழியாகக் கிடைத்தது என்று பார்க்கச் சொன்னார் அவர். பெண்களுக்கு மறுமலர்ச்சி என ஒன்று இருந்ததா என்று வரலாற்றாசிரியர் ஜோன் கெல்லி 1977இல் கேட்டு, இல்லை என்றே விடை கண்டார். இருவரின் கேள்விகளும் இன்றும் வலுவானவை. ஆனால் கெல்லியின் விடை பொலோஞாவின் ஆவணங்களோடு முழுதாகப் பொருந்தவில்லை. குடும்பப் பட்டறை பெண்களுக்குத் தொழிலைக் கொடுத்தது. அத்தொழிலின் பலன்மீது உரிமையைக் கொடுக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே ஏற்பாட்டின் இரு விளைவுகளாகப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இடைக்காலத்தில் பெண்கள் கலைவேலை செய்ததற்குச் சான்று தேடி இன்று பெரிதாக அலைய வேண்டியதில்லை. ஜெர்மனியின் டால்ஹைம் கன்னிமடத்தில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் பற்காரையில் லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லின் துகள்கள் கண்டறியப்பட்டதாக 2019இல் ஆய்வு வெளியானது. ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த அந்தக் கல் தங்கத்துக்கு நிகரான விலை பெற்றது. மிகச் சிறந்த ஏடுகளுக்கே அதைப் பயன்படுத்துவார்கள். தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும்போது துகள்கள் சேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பாரிஸில் ஏடுகளுக்குப் படம் தீட்டிய ஜான் தெ மோன்பாஸ்தோன், கணவர் ரிஷார் இறந்தபின் 1353இல் பல்கலைக்கழகத்தின் முன் புத்தக வணிகராக உறுதிமொழி எடுத்தார். மடமோ வீடோ, வேலை நடந்த இடம் பெண் வாழ்ந்த இடமாகவும் இருந்ததால்தான் இவர்களின் கைக்குத் தொழில் எட்டியது.

பட்டறை இல்லாத பெண்ணின் கதி என்ன? இதற்கும் பொலோஞாவிலேயே விடை உண்டு. சிற்பி ப்ரொபெர்சியா தெ ரோஸ்ஸி ஓவியரின் மகளல்லர். நோட்டரி ஒருவரின் மகள். பழக்கொட்டைகளில் நுண்சிற்பம் செதுக்கிப் பெயர் பெற்று, 1520களில் சான் பெத்ரோனியோ பேராலயத்தின் முகப்பு வேலையில் இடம்பிடித்தார். அவர் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பத்தில் போத்திபாரின் மனைவி, தப்பியோடும் யோசேப்பின் மேலாடையைப் பற்றி இழுக்கிறாள். தசையும் வேகமும் கொண்ட வேலை அது. ஜோர்ஜோ வசாரி 1550இல் வெளியிட்ட கலைஞர் வரலாறுகளில் தனி வரலாறு பெற்ற ஒரே பெண் இவர்தான். ஆனால் அந்த வரலாற்றில் இச்சிற்பம் ஓர் இளைஞன்மீது ப்ரொபெர்சியா கொண்ட நிறைவேறாக் காதலின் வெளிப்பாடாகிவிடுகிறது. ஆண் சிற்பி விவிலியக் காட்சியைச் செதுக்கினால் கலை, பெண் செதுக்கினால் சொந்தக் கதை! அதே வசாரி போகிற போக்கில் சொல்லும் இன்னொரு செய்தியே எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஓவியர் அமீகோ அஸ்பெர்த்தீனி அவரைப் பற்றி ஆலய நிர்வாகிகளிடம் இழிவாகப் பேசியதால், வேலைக்கு மிகக் குறைந்த கூலியே கிடைத்தது. பேரம் பேசக் கலைத்தொழில் செய்யும் தந்தையும் இல்லை, பட்டறையும் இல்லை. 1530இல் வறுமையில் இறந்தார்.

கிரெமோனாவின் ஓவியர் சோஃபோனிஸ்பா ஆங்குயிஸ்ஸோலா வேறு வகை. பிரபுக் குடும்பத்துப் பெண் என்பதால் ஓவியத்தை விலைக்கு விற்பது அவருக்குத் தகுதிக் குறைவு. 1559இல் ஸ்பெயின் அரசவைக்குச் சென்று அரசியின் தோழியாக இருந்தார். அங்கே கிடைத்தவை பரிசுகளும் உதவித்தொகையும்.

லவீனியாவோ சந்தைக்கு ஓவியம் தீட்டியவர். திருமண ஆண்டிலேயே அவர் தீட்டிய தன்னுருவப் படம் இப்போது ரோமில் சான் லூக்கா கலைக்கழகத்தில் உள்ளது. சிவப்பு உடையில் இசைக்கருவியின் கட்டைகள்மீது கைவைத்து அமர்ந்திருக்கிறார். பணிப்பெண் இசை ஏட்டை ஏந்தி நிற்கிறாள். மேலே இலத்தீனில், ப்ரோஸ்பெரோவின் கன்னி மகள் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைத் தீட்டியதாக ஒரு குறிப்பு. இமோலாவில் இருந்த சம்பந்தி வீட்டார் பார்ப்பதற்காகவே தீட்டப்பட்ட படம் இது என்று கருதுவோர் உண்டு. குணம், குலம், சங்கீதம் என்று பெண் பார்க்க வருபவர் தேடும் எல்லாமும் முன்னால் இருக்கின்றன. ஆனால் பின்னால், சன்னல் ஓரத்தில், ஓவியத் தாங்கி ஒன்று நிற்கிறது. அருகில் ஒரு பெட்டி. புதுப்பெண்ணின் சீர் வரும் பெட்டியாக அதை வாசித்தால், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் படமும் சொல்கிறது. பாவனைப் பணிவும் தொழில் விளம்பரமும் ஒன்றாக நெய்யப்பட்ட படம் இது. இதை வெறும் அடக்கத்தின் சித்திரமாகப் படிப்பவர்கள் தாங்கியைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

அந்த முதலீடு வீண்போகவில்லை. லவீனியா பதினொரு பிள்ளைகளைப் பெற்றார். அவருக்குப் பின்னும் உயிரோடிருந்தவர்கள் மூவரே. இதனூடே பல்கலைக்கழக அறிஞர்களுக்கும் பொலோஞாவின் சீமாட்டிகளுக்கும் உருவப்படங்கள், ஆலயங்களுக்குப் பலிபீட ஓவியங்கள் என்று இடைவிடாது வேலை நடந்தது. குடும்பத்தோடு ரோமுக்குக் குடிபெயர்ந்த பின்னும் அது நிற்கவில்லை. 1611இல் அவர் உருவம் பொறித்த பதக்கம் வார்க்கப்பட்டது. கணவர் சாப்பியும் ஓவியம் பயின்றவர்தான். மனைவியின் படங்களில் ஆடைகளைத் தீட்டி உதவினார் என்பது பழைய மரபு. அதை எழுதியவர்கள் அவரைக் கொஞ்சம் கேலியாகவே பார்த்தார்கள். எனக்கு அவர்மீது மதிப்புதான்.

லவீனியாவின் வாடிக்கையாளர்களில் பெண்கள் மிகுதி. 1584இல் லவுதோமியா கொஸ்ஸாதீனி கேட்டு அவர் தீட்டிய குடும்பப் படம் இன்று பொலோஞா அரும்பொருளகத்தில் இருக்கிறது. லவுதோமியாவின் தந்தையான செனட்டர் நடுவில் அமர, இருபுறமும் இரு மகள்கள், அவர்களுக்குப் பின்னால் கணவர்கள். படம் தீட்டும்போது தந்தை காலமாகிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. இறந்தவரை மகளின் அருகே உயிரோடு உட்கார வைத்து, அக்குடும்பத்தில் தன் இடத்தை லவுதோமியா நிலைநாட்டிக்கொள்கிறார் என்றே நான் இதை வாசிக்கிறேன். இங்கே கேட்பவளும் பெண், தீட்டுபவளும் பெண். கெல்லியின் விடையோடு பொருந்தாத இடம் இதுதான்: கருத்துலகில் ஒதுக்கப்பட்ட பெண்கள் ஓவியச் சந்தையில் தங்களுக்கென ஒரு வழி கண்டிருந்தார்கள்.

அந்த வழி யாருடைய பெயரில் இருந்தது என்ற கேள்வி மிஞ்சுகிறது. லவீனியாவின் உழைப்பு தந்தை வீட்டின் கணக்கில் சேர்ந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரில் ஓவியர் எலிசபெத்தா சிரானிக்கும் இதே நிலைதான். அவர் ஈட்டியதும் தந்தையிடமே போனது. மணம் முடிக்காமலே 1665இல் 27ஆம் வயதில் இறந்த அவர், தன் படங்களைத் தானே பட்டியலிட்டு வைத்திருந்தார். ஏறத்தாழ இருநூறு படங்கள். அவ்வளவையும் ஒரு பெண் தனியாகத் தீட்டியிருக்க முடியுமா என்று சந்தேகப்பட்டவர்கள் முன்னிலையில் தீட்டியும் காட்டினார்.

ஆயினும் சிரானியிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. தந்தையிடம் தொழில் கற்ற அவர், தன் தங்கைகளுக்கு மட்டுமின்றி ஓவியக் குடும்பங்களில் பிறக்காத பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். லவீனியாவின் ஒப்பந்தத்தில் தொழில் தந்தையிடமிருந்து மகளுக்கு வந்து, மகளின் வழியே குடும்பத்துக்கே திரும்பியது. சிரானியின் பட்டறையில் அது முதன்முறையாக இரத்த உறவுக்கு வெளியே, ஒரு பெண்ணிடமிருந்து பிற பெண்களுக்குச் சென்றது.