பனியாற்றுக் குகைகளைப் படம்பிடித்தல்

பனியாற்றின் உட்புறத்திலோ அதன் அடித்தரையிலோ உருகுநீர் குடைந்து உண்டாக்கும் வெற்றிடம் பனியாற்றுக் குகை எனப்படும். இதன் கூரையும் சுவரும் பனிக்கட்டியாலானவை. அப்பனிக்கட்டி ஓயாமல் நகர்ந்துகொண்டும் இருக்கும். ஆஸ்திரியாவின் ஐஸ்ரீசன்வெல்ட் போன்றவை வேறு வகையைச் சேர்ந்தவை. அங்கே குகை சுண்ணாம்புப் பாறையில் அமைந்தது. பனிக்கட்டி அதற்குள் உறைந்து படிந்தது. கூரை பாறை என்பதால் அங்கே செல்லுபடியாகும் பாதுகாப்பு விதிகள் பனியாற்றுக் குகைக்குப் பொருந்தா.

கோடையில் பனியாற்றின் மேற்பரப்பில் உருகும் நீர், செங்குத்தான துளைகள் வழியே உள்ளே இறங்கிச் சுரங்கங்களை அறுக்கிறது. ஓடும் நீரின் வெப்பம் சுவரை உருக்கி வழியை அகலமாக்கும். மேலிருக்கும் பனிக்கட்டியின் எடை அதே வழியை நெருக்கி மூடப் பார்க்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான சமநிலையைச் சுவிட்சர்லாந்தின் பனியாற்றியலாளர் ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் 1972இல் கணித முறையில் விளக்கினார். குளிர்காலத்தில் நீர்வரத்து குறைந்ததும் சுரங்கம் காலியாகிறது. பனிக்கட்டி பல நூறு மீட்டர் தடிமனாக உள்ள இடங்களில் அது விரைவில் நெரிந்து மூடிக்கொள்ளும். ஆகவே மனிதர் நுழையக்கூடிய குகைகளில் பெரும்பாலானவை பனிக்கட்டி மெலிந்த ஓரப்பகுதிகளிலும் பனியாற்றின் முகப்பிலும் இருக்கின்றன.

மற்ற வகைகளும் உண்டு. மேற்பரப்பு ஓடை தன் படுகையை ஆழமாக அறுத்துச் செல்ல, மேல்வாய் உறைபனியாலும் பனிக்கட்டியின் நெருக்கத்தாலும் மூடிக்கொள்வதால் உண்டாகும் குகைகள் ஸ்வால்பார்டு தீவுகளில் காணப்படுகின்றன. நேபாளத்தின் ஙோசும்பா பனியாற்றில், மேலே பாறைச் சிதைவுகள் மூடிய பனிக்கட்டிக்குள் உருகுநீர் வழிகள் ஆராயப்பட்டுள்ளன. ஐஸ்லாந்தின் குவெர்க்ஃபியோலில் எரிமலை வெப்பமே குகையைக் குடைகிறது. இவ்வகைக் குகைகளில் நச்சு வாயு தேங்கும். 2018இல் ஹோஃப்ஸ்யோகுல் பனியாற்றுக் குகை ஒன்றில் அவ்வாறு ஒருவர் உயிரிழந்தார். வாயு அளவி இல்லாமல் எரிமலைப் பகுதிக் குகைகளில் நுழையக்கூடாது.

படம்பிடிப்பவர்களை ஈர்ப்பது முதலில் நீல நிறமே. பனிக்கட்டி சிவப்பு ஒளியை நீலத்தைவிட அதிகமாக உறிஞ்சுகிறது; ஒளி எவ்வளவு தூரம் உள்ளே ஊடுருவுகிறதோ அவ்வளவு நீலம் எஞ்சும். காற்றுக் குமிழிகள் நிறைந்த இளம் பனிக்கட்டி ஒளியைச் சிதறடித்து வெண்மையாகத் தோன்றும். நெடுங்காலம் அழுத்தத்தில் கிடந்து குமிழிகள் சுருங்கிய பனிக்கட்டியில்தான் ஆழ்ந்த நீலம் தெரியும். சூரிய ஒளி கூரையை ஊடுருவ வேண்டுமானால் கூரை மெல்லியதாக இருக்க வேண்டும். இத்துறையின் அடிப்படைச் சிக்கல் இதுதான்: மிக நல்ல ஒளி கிடைக்கும் இடமும் மிக வலுவற்ற பனிக்கட்டி இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றே. குகைவாயிலும் அப்படிப்பட்ட இடந்தான்.

இவ்வகைப் படங்களின் வரலாற்றில் இமயத்துக்குச் சிறப்பான இடம் உண்டு. 1817இல் ஹாட்ஜ்சன், ஹெர்பர்ட் ஆகிய நில அளவையாளர்கள் கங்கோத்ரி பனியாற்றின் முகப்பான கோமுகத்தை அடைந்தனர். தாழ்ந்த வளைவு ஒன்றின் அடியிலிருந்து பாகீரதி வெளிவருவதை ஹாட்ஜ்சன் பதிவுசெய்தார். 1866இல் புகைப்படக் கலைஞர் சாமுவேல் போர்ன் அங்கே சென்று அந்தப் பனிக்குகையைப் படம்பிடித்தார். அவர் கையாண்டது ஈரக் கொல்லோடியன் முறை. கண்ணாடித் தட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கூடாரத்துக்குள் வைத்துக் கழுவ வேண்டும். தட்டுகள், அமிலங்கள், தண்ணீர், இருட்டறைக் கூடாரம் என அனைத்தையும் சுமையாளர்கள் 4,000 மீட்டர் உயரம் வரை தூக்கிச் சென்றார்கள். அந்தப் படங்களின் பெருமையில் பெயர் தெரியாத அச்சுமையாளர்களுக்கும் சரிபாதி உரிமை உண்டு. ஆல்ப்ஸில் புகைப்படக் கலைஞர்களான பிசோன் சகோதரர்களுள் ஒருவரான ஓகுஸ்த்-ரோசாலி, 1861இல் இதே முறையில் மோன் பிளாங்க் உச்சியில் படமெடுத்திருந்தார்.

மிகப் புகழ்பெற்ற படம் புகைப்படக் கலைஞர் ஹெர்பர்ட் பாண்டிங் 1911 ஜனவரி 5 அன்று அண்டார்க்டிகாவில் எடுத்தது. குகையின் உள்ளிருந்து வெளியே நோக்கியது அந்தப் படம். வாயிலில் இருவர் கருநிழலாக நிற்க, தொலைவில் அவரது பயணக்குழுவின் டெர்ரா நோவா கப்பல் தெரியும். அது உண்மையில் கடற்பனியில் சிக்கிய பனிப்பாறை ஒன்றின் குகை. ஆனால் இருண்ட சட்டகம், ஒளிரும் வாயில், அளவு காட்ட ஒரு மனித உருவம் என்ற அவரது அமைப்பையே இன்றைய பனியாற்றுக் குகைப் படங்களும் பின்பற்றுகின்றன.

விபத்துகளில் பல குகையின் ஆழத்தில் அல்லாமல் வாயிலிலும் முகப்பிலுமே நேர்ந்தவை. வாஷிங்டன் மாநிலத்தின் பிக் ஃபோர் பகுதியில் பனிச்சரிவுப் பனியில் உருவாகும் குகைகளில் 2010இல் வாயிலுக்கு வெளியே நின்ற சிறுமி ஒருத்தி பனிக்கட்டி விழுந்து இறந்தாள். 2015 ஜூலையில் கூரை இடிந்து மேலும் உயிரிழப்பு ஏற்பட்டது. 2024 ஆகஸ்ட் 25 அன்று ஐஸ்லாந்தின் பிரைடாமெர்குர்யோகுல் பனியாற்றில் பனிக்கட்டி இடிந்து அமெரிக்கப் பயணி ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். குழுவில் 25 பேர் எனக் கருதி, இல்லாத இருவரை மறுநாள் வரை பனிக்கட்டிக்குள் தேடினார்கள். சென்றவர்கள் 23 பேரே. சரியான பெயர்ப்பட்டியல் ஒன்றை வெளியே விட்டுச் செல்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இவ்விபத்துகள் எல்லாம் வெப்பமான மாதங்களில் நடந்தவை. கோடையில் இக்குகைகளுக்குள் நுழையவே கூடாது. ஐஸ்லாந்தில் ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. அந்த மாதங்களிலும் மழையோ திடீர் வெப்பமோ வந்தால் பயணத்தைக் கைவிட வேண்டும்.

குகையை அன்றே பார்த்து உறுதிசெய்த உள்ளூர் வழிகாட்டியுடன் செல்வது முதல் விதி. தலைக்கவசமும் காலணி முட்சட்டமும் படமெடுக்கும் நேரத்திலும் கழற்றப்படுவதில்லை. உள்ளே நுழையுமுன் சற்று விலகி நின்று, புதிதாக விழுந்த துண்டுகள், கூரையில் குறுக்கே ஓடும் விரிசல், அதிகரிக்கும் சொட்டு, நீரோட்டத்தின் ஒலி மாற்றம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். வாயிலை வேகமாகக் கடந்து, கூரை தடித்த இடத்திலிருந்து வெளியே நோக்கிப் படமெடுப்பதே நல்லது. பாண்டிங்கின் கோணமும் இதுவே. முக்காலியை வெளியேறும் வழிக்குக் குறுக்கே வைக்கக்கூடாது. கேமராத் திரையில் மூழ்குபவருக்குக் கூரை கண்ணில் படாது. எனவே ஒருவர் படமெடுக்கையில் மற்றொருவர் மேலே பார்த்தபடி நிற்க வேண்டும்.

நுட்ப அளவில், அகலக்கோண லென்ஸ், ஐஎஸ்ஓ 100 முதல் 400, துளை எஃப் 8 முதல் எஃப் 11, சில விநாடிகள் வரை ஒளிபடும் நேரம் என்பவை வழக்கமானவை. வாயிலுக்கும் உட்புறத்துக்கும் ஒளி வேறுபாடு மிகுதி. அதனால் ஒரே காட்சியை மூன்று வெவ்வேறு ஒளியளவுகளில் எடுத்துப் பிறகு இணைப்பார்கள். வெண்மைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் நீலம் வெளுத்துவிடும். பகலொளி அளவில் நிறுத்துவது பொருத்தம். குளிரில் பேட்டரி விரைவாக வலுவிழப்பதால் மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடற்சூட்டில் வைத்திருப்பார்கள். வெளிக்குளிரில் உறைந்த கேமரா, ஈரக்காற்றுள்ள குகைக்குள் வந்ததும் அதன் லென்ஸ் மீது நீர் படியும். சில நிமிடங்கள் பைக்குள்ளேயே வைத்திருந்து எடுக்க வேண்டும்.

குகைகள் ஆண்டுதோறும் இடமும் வடிவமும் மாறுவதால், தேதியில்லாத படம் அறிவியலுக்குப் பயன்படாது. ரெய்னியர் மலையின் பாரடைஸ் குகைகள் 1978 அளவீட்டில் 13.25 கிலோமீட்டர் நீளம் இருந்தன. 1990களில் அவை முற்றாக உருகி மறைந்தன. இன்று பனியாறுகள் உலகெங்கும் பின்வாங்குகின்றன. போர்ன் படமெடுத்த கோமுகத்துக்குச் செல்லக் கங்கோத்ரி தேசியப் பூங்காவில் நாளொன்றுக்கு 150 பேருக்கு மட்டுமே அனுமதி வழங்கப்படுகிறது.