இருப்புப்பாதைக்குக் கிழக்கே

சிதம்பரம் என்றதும் பொன்னம்பலமே நினைவுக்கு வரும் வண்ணம் நம்மைப் பழக்கிவிட்டனர். ஊரின் நடுவே கோயில். ஊருக்குக் கிழக்கே இருப்புப்பாதை. அதனைக் கடந்தால் அண்ணாமலை நகர். தில்லையின் புகழ் பாடியோர் பலருண்டு. பாதைக்கு அப்பால் வாழ்ந்த ஆசிரியரையும் மாணவரையும் நம் இளைஞருக்கு அறிமுகம் செய்வோர் சிலரே. கடலூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் வரலாறு கற்பிக்கும் நான், அக்குறையை ஓரளவேனும் போக்க எண்ணி இதனை எழுதுகிறேன்.

1920-ல் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பின்னர்த் தோன்றிய தமிழ்க் கல்லூரி முதலியவற்றோடு அது இணைந்து, 1929-ல் பல்கலைக்கழகமாயிற்று. செல்வர்கள் கோயிலுக்கே கொட்டிக் கொடுத்த காலம் அது. செட்டியார் குடும்பமும் அதற்கு விலக்கன்று. எனினும், கல்விக்கும் கொடுத்தாரே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்!

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தோன்றியபோது, பல ஊர்க் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துத் தேர்வு நடத்தும் அமைப்பாகவே இருந்தது. அண்ணாமலை நகரின் அமைப்பு வேறு. ஆசிரியர் வீடும் மாணவர் விடுதியும் ஒரே வளாகத்தில். வகுப்பு முடிந்ததும் பிரிந்து செல்ல ஊர் ஏது? பாடம் முடிந்த பின்னும் பேச்சு முடியாத இடம் அது.

அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராய் 1931-ல் அமர்ந்தவர், ஈழத்து மட்டக்களப்பைச் சேர்ந்த விபுலானந்தர். அறிவியல் பட்டம் பெற்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். பழந்தமிழரின் யாழினைக் கணக்கறிவு கொண்டு ஆராய்ந்தவர். காவி உடுத்தவர்தாம்! ஆயினும், வளாகத்தை அடுத்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே சென்று தொண்டாற்றினார். காவியைக் கண்டதும் முகம் சுளிக்கும் நம் தோழர்கள், அந்தக் காவி எந்தத் தெருவுக்குள் நுழைந்தது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

அவருக்குப் பின், வழக்கறிஞராயிருந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் 1933 முதல் 1938 வரை தமிழ்த்துறைத் தலைவர். கட்டாய இந்தியை எதிர்த்து 1938-ல் பெரியாரோடும் மறைமலை அடிகளோடும் சென்னைக் கடற்கரை மேடையில் நின்றவர். அவரே 1943-ல் சேலத்தில், கம்பராமாயணத்தைக் கொளுத்துவது முறையா என்ற சொற்போரில் அண்ணாவுக்கு எதிராக வாதிட்டார்! மொழிக்காக ஒரே மேடை. இலக்கியம் பற்றி எதிரெதிர் மேடை. கருத்து மாறுபட்டவரைப் பகைவரெனத் தள்ளிவிடும் இன்றைய இளைஞர் சிலருக்கு இச்செய்தி வியப்பாயிருக்கும்.

மாணவர்களைப் பார்ப்போம். 1940-களின் தொடக்கத்தில் அங்கே தமிழ் பயின்றோருள் ஒருவர் நாராயணசாமி, மற்றொருவர் இராமையா. இப்பெயர்களை எத்தனை பேர் அறிவர்? நெடுஞ்செழியன், அன்பழகன் என்றால் நாடே அறியும். பெயர் மாற்றம் எளிய செயலா? பெற்றோர் இட்ட பெயரை விடுத்துத் தமிழ்ப் பெயர் பூணுவது, அந்நாளில் குடும்பத்தோடும் உறவினரோடும் வாதிட்டு வெல்லவேண்டிய செயல். தன்மான இயக்கத்தின் ஏடுகளும் மேடைப் பேச்சுகளும் விடுதி அறைகளில் விவாதப் பொருளாயின. அப்படி வாதிட்டுப் பழகிய நெடுஞ்செழியன் 1967-ல் தமிழகத்தின் கல்வி அமைச்சரானார்.

1965 சனவரி 27. இந்தியை எதிர்த்து எழுந்த மாணவர் மீது காவலர் சுட்டனர். சிவகங்கையிலிருந்து படிக்க வந்த இராசேந்திரன் மாண்டார். அவருடைய தந்தையும் காவல்துறையில் பணியாற்றியவர்! அண்ணாமலை நகரில் அம்மாணவரின் சிலை நிற்கிறது.

இத்தனை பெருமையும் உரைத்தபின் ஒரு கேள்வியை விழுங்கிவிட மனம் வரவில்லை. அந்த வாயிலுக்குள் நுழைந்தவர் யார்? நுழையும் தகுதியை முதலில் பெற்றவர் யார்? பள்ளியே காணாத குடியில் பிறந்தவனுக்குப் பல்கலைக்கழகம் எத்தனை அருகிலிருந்தும் என்ன பயன்?

விடை தேட, இருப்புப்பாதைக்கு இப்புறம் மீண்டும் வருக. பல்கலைக்கழகம் தோன்றுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே, 1916-ல், ஓமக்குளத்தருகே சகசானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி நிறுவினார். ஆரணிப் பகுதியில், ஒடுக்கப்பட்ட குடியில், 1890-ல் பிறந்தவர். அவரும் காவி உடுத்தவரே. தீயில் மூழ்கித் 'தூய்மை' பெற்றபின்தான் நந்தனைக் கோயிலுக்குள் விட்டனராம். அப்படிச் சொல்லும் புராணத்தைப் பக்தி என்று ரசித்தனர். சகசானந்தரோ நந்தன் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைத் தீயில் இறக்கவில்லை. பலகையும் புத்தகமும் கொடுத்தார். சட்டமன்றத்திலும் வாதாடினார். 1959-ல் மறைந்தார்.

2013-ல் தமிழக அரசு சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை நேரடிப் பொறுப்பில் ஏற்றது. செல்வர் தொடங்கியது மக்களுடையதாயிற்று. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தேறும் தோழர்கள் இராசேந்திரன் சிலையைக் காணும் அன்றே ஓமக்குளத்துப் பள்ளியையும் கண்டு வரலாம். ஒரு பகல் பொழுது போதும்.